ஒரு சீட்டுக்கு ஒரே மாற்றம்

ஜெசிந்தாவுக்குக் கோணல் ஆகாது. யார் வீட்டுச் சுவரிலாவது படம் சாய்ந்து தொங்கினால், எழுந்து போய் நிமிர்த்திவிட்டு வந்துதான் காப்பியைக் கையில் வாங்குவாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால், தள்ளிக் கிடக்கும் பெஞ்சை முழங்காலால் ஒரு தள்ளுத் தள்ளி வரிசையில் சேர்த்த பிறகுதான் சிலுவை அடையாளம் போடுவாள். "நீ பூசை பார்க்க வந்தியா, கோயிலை ஒழுங்கு பண்ண வந்தியா?" என்று கணவன் கிரிஸ் காதோரம் கேட்பான். அவள் காதில் வாங்கிக்கொள்ளவே மாட்டாள்.

வாய்த்த வேலையும் அவள் குணத்துக்குத் தகுந்தாற்போலவே இருந்தது. மற்றவர்கள் எழுதுகிற கம்ப்யூட்டர் புரோகிராமை வரி வரியாகப் படித்து, இது போகலாம், இது போகக் கூடாது என்று சொல்ல வேண்டும். தொண்ணூற்றேழில் மைசூரில் இப்படியும் ஒரு வேலை உண்டென்றால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். அவளுடைய மாமியார், "எங்க மருமக டீச்சர் மாதிரி, பேப்பர் திருத்துறா" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார். அது ஒன்றும் பெரிய பொய்யில்லை.

ஹெப்பாள் தொழிற்பேட்டையில் கீழே அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனி, மாடியில் என்.எம். சாஃப்ட்வேர். கீழே பசை காய்ச்சினால் மேலே மூக்கைப் பொத்திக்கொண்டு புரோகிராம் எழுத வேண்டும். முதலாளி மஞ்சுநாத் தன் தாயார் நஞ்சம்மாவின் பெயரில் ஆரம்பித்த கம்பெனி அது. வாசலில் நுழைந்ததும் சந்தன மாலையோடு நஞ்சம்மாவின் படம். அந்தப் படம் ஒருநாளும் சாய்ந்து பார்த்தவர்கள் கிடையாது. யார் தயவு என்று சொல்லத் தேவையில்லை.

ஜெசிந்தா ஆரம்பத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். ஓரம் விடுவது, பத்திக்குப் பத்தி ஒரே அளவு தள்ளி ஆரம்பிப்பது எல்லாம் அங்கே விரலில் ஏறிய பழக்கம். வக்கீலிடம் வாங்கிய திட்டும் உண்டு, கற்றதும் உண்டு. அப்புறம் சரஸ்வதிபுரத்தில் சாயங்கால வகுப்பில் கம்ப்யூட்டர் படித்தாள். மஞ்சுநாத்திடம் புரோகிராம் எழுதச் சேர்ந்தவள், அடுத்தவர் எழுதியதைப் பார்த்து முகம் சுளித்துச் சுளித்தே அதைப் பார்த்துச் சொல்கிற ஆளாகிவிட்டாள். அவளுக்குச் சிவப்பு மை பிடிக்காது, பள்ளிக்கூட ஞாபகம் வருமாம். பச்சை மைப் பேனாதான். அதற்காக யாரும் குறைவாகப் பயந்துவிடவில்லை.

ஆபீசில் கம்ப்யூட்டர் குறைவு, ஆள் அதிகம். ஒரே புரோகிராமை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தி, பிந்தி வந்தவர் முந்தியவர் வேலையை அழித்துவிடுவது வாடிக்கையாக இருந்தது. ஜெசிந்தா தேவராஜா மார்க்கெட்டுக்குப் போய்த் துணி கிளிப் ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள். ஒவ்வொரு கிளிப்பிலும் ஒரு புரோகிராமின் பெயரை எழுதி ஒட்டி, ஜன்னலோரம் கயிறு கட்டி வரிசையாக மாட்டினாள். யார் எதைத் திருத்தப் போகிறாரோ அவர் அந்தக் கிளிப்பை எடுத்துச் சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும். கிளிப் இல்லாதவன் கைவைக்கக் கூடாது. "இதேனு, துணி காயப்போடுற இடமா?" என்று கன்னடமும் தமிழுமாகக் கேட்டு மஞ்சுநாத் சிரித்தார். ஒரு மாதத்தில் அவரே காலரில் கிளிப்போடு பேங்குக்குப் போய், மேனேஜர் உற்றுப் பார்க்கப் பார்க்கப் பேசிவிட்டு வந்தார்.

கிளிப்புக்கு அடுத்தது சீட்டு. மாற்றம் செய்தவர் அதை அச்சடித்து, மாறிய வரிகளுக்கு ஓரத்தில் கோடு போட்டு, மேலே ஒரு சின்னச் சீட்டைக் குத்திக் கொண்டு வர வேண்டும். என்ன மாற்றம், என்ன காரணம், அவ்வளவுதான் சீட்டில். ஒரு சீட்டுக்கு ஒரே மாற்றம். இரண்டைச் சேர்த்துக் கொண்டுவந்தால் படிக்காமலே திருப்பிவிடுவாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் நாற்காலியைச் சுற்றிப் போட்டு உட்கார, எழுதியவர் மாறிய வரிகளைத் தன் வாயால் விளக்கிச் சொல்ல வேண்டும். "உங்க வாயால சொல்லுங்க. கம்ப்யூட்டருக்குப் புரியறது இருக்கட்டும், எங்களுக்குப் புரியணும்" என்பாள். சொல்லிக்கொண்டே வருகிறவன் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டு, "இருங்க, இது தப்பு" என்று தாளைச் சுருட்டி ஓடுவது தினசரிக் காட்சி.

இதற்கெல்லாம் ஒரே ஒரு விலக்குதான் இருந்தது. வெறும் இடம் தள்ளி வரிசைப்படுத்துவது, வெற்று வரி விடுவது, பெயரைத் திருத்துவது போன்ற வேலைக்கு அவள் வைத்த பெயர் 'பெருக்குறது'. அதற்குச் சீட்டு வேண்டாம், எல்லோர் முன்னாலும் வாசிக்கவும் வேண்டாம். வீடு பெருக்குவதற்கு யாராவது அனுமதி கேட்பார்களா என்பாள். விதி செய்தவளே விலக்கும் செய்தாள். அந்த ஆபீசில் அதிகம் பெருக்கியவளும் அவள்தான்.

இந்த இடத்துக்குத்தான் முனிராஜ் வந்து சேர்ந்தான். கொள்ளேகால் பக்கம் ஹனூர்க்காரன், முப்பதைத் தாண்டியவன். டிப்ளமா முடித்துப் பெங்களூரில் வேலை பார்த்த கம்பெனி மூடிப்போக, மச்சினனின் டிராக்டர் உதிரிபாகக் கடையில் இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவன். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி அவன் ஒருதடவைதான் பேசினான். "மச்சினன் ஒண்ணும் சொல்ல மாட்டாருங்கக்கா. ஆனா கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம், இவரு கம்ப்யூட்டர் படிச்சவருன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாருங்க" என்றான். மைசூர் வேலை ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிந்தால்தான் நிரந்தரம். இதை நம்பி மனைவி மகேஸ்வரியை அழைத்துவந்து ஹூட்டகள்ளியில் வீடு பிடித்திருந்தான். அவளும் ஒரு தையல் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். நிரந்தரம் ஆகவில்லையென்றால் திரும்ப மச்சினன் கடைதான்.

முனிராஜ் எழுதியது ஓடும், தப்பில்லாமல் ஓடும். ஆனால் பார்க்கச் சகிக்காது. தீபாவளிக்கு முந்தின நாள் கொள்ளேகால் பஸ்ஸில் ஜனங்கள் ஏறியதுபோல ஒரு வரிக்குள் நாலு வரிச் சமாச்சாரம் அடைந்து கிடக்கும். இடைவெளி கிடையாது, வரிசை கிடையாது. பெயர் வைப்பதிலோ அவன் தனி ரகம். கொஞ்ச நேரம் மட்டும் ஒரு எண்ணைத் தூக்கி வைத்துக்கொள்ள ஒரு இடம் வேண்டுமென்றால் அதற்கு 'மாமா' என்று பெயர் வைப்பான். ஒன்றுக்கு மேல் வேண்டுமென்றால் மாமா1, மாமா2.

"இது யாரு முனிராஜ், மாமா?" என்று ஜெசிந்தா முதல்நாளே கேட்டாள்.

"சும்மா வந்து இருந்துட்டுப் போறவருங்கக்கா. எங்கூட்ல மாமா அப்பிடித்தான் வருவாரு, போவாரு. அதான்."

சுற்றி இருந்தவர்கள் சிரிக்க, அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் பச்சை மையில் மாமாவை அடித்துத் திருப்பி அனுப்பினாள். அவன் முகம் வாடாமல் வாங்கிக்கொண்டான். மறுநாள் மாமா போயிருந்தார், ஆனால் அடுத்த புரோகிராமில் அத்தையோடு வந்திருந்தார்.

ஐந்து மாதம் இப்படியே ஓடியது. இதற்குள் அவளுக்கு ஒன்று பிடிபட்டுவிட்டது. நஞ்சன்கூடு ரோட்டில் ஒரு நூற்பாலைக்கு வருகைப்பதிவு புரோகிராம் எழுதச் சொல்லி மஞ்சுநாத் அவனிடம் கொடுத்திருந்தார். வாசிப்பு நேரத்தில் அவன் அதைச் சொல்லக் கேட்டால், மில் வாசலில் நிற்பதுபோலவே இருக்கும். யார் எப்போது உள்ளே வருகிறார், யார் எப்போது வெளியே போகிறார், ஷிப்ட் மாற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தான். அவன் மேல் அவளுக்கு மரியாதை வந்துவிட்டது. எழுத்துதான் இப்படி இருக்கிறதே என்று வருத்தமும் வந்தது.

வருத்தத்துக்குக் காரணம் மஞ்சுநாத். அவருக்கு நல்ல மனசுதான், ஆனால் எதையும் பார்வைக்குப் பார்த்தே எடை போடுவார். "ஜெசிந்தா, அவன் எழுதுறது பார்த்தாவே எனக்குத் தலை நோவுது. மாசக் கடைசியில நானே அந்த மில் புரோகிராமை உக்காந்து பார்க்கிறேன். இதே மாதிரி இருந்தா வேண்டாம், அனுப்பிடலாம்" என்று ஒருநாள் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சமயம் பார்த்து முனிராஜ் உறவுக்காரர் கல்யாணத்துக்காக ஹனூர் போக வேண்டியிருந்தது. போகும்போது விதிப்படி கிளிப்பைக் கழற்றிக் கயிற்றில் மாட்டிவிட்டுப் போனான். அவன் தலை மறைந்ததும் ஜெசிந்தா அதை எடுத்துத் தன் துப்பட்டாவில் மாட்டிக்கொண்டாள். பாவம், எழுதத் தெரிந்த மனுஷன், பார்வைக்கு நன்றாக இல்லை என்பதற்காகவா போக வேண்டும் என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை.

நாள் முழுக்கப் பெருக்கினாள். அடைந்து கிடந்த வரிகளைப் பிரித்தாள், ஒரே அளவாக இடம் தள்ளினாள், மாமாக்களை எல்லாம் மரியாதையாக வீட்டுக்கு அனுப்பி ஒழுங்கான பெயர்களைக் குடிவைத்தாள். தேதி சம்பந்தமான வரிகள் மேலே ஒன்றாக இருந்தன. ஒரே ஒரு வரி மட்டும் திருவிழாவில் தொலைந்த பிள்ளைபோலக் கீழே தனியாகக் கிடந்தது. அதையும் தூக்கிக்கொண்டு வந்து மற்றவற்றோடு சேர்த்தாள். பகல் ஷிப்ட் வருகையைப் போட்டு ஒருதடவை ஓட்டிப் பார்த்தாள், சரியாக வந்தது. அச்சடித்துக் கையில் எடுத்தபோது, துவைத்து இஸ்திரி போட்ட சேலையைப் பார்க்கிற சந்தோஷம் அவளுக்கு.

திரும்பி வந்த முனிராஜ் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "இது என்னுதுங்களாக்கா?"

"உங்களுதுதான். கொஞ்சம் பெருக்கி வச்சேன்."

"அப்ப சார்கிட்ட நீங்க பண்ணுனதுன்னு சொல்லிர்றனுங்க."

"சும்மா இருங்க. சொன்னா எல்லாம் கெட்டுச்சு. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம், தெரிஞ்சுதா?"

"சரிங்கக்கா" என்றான். சொன்ன சொல்லை இப்படிக் காப்பாற்றுவான் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

மஞ்சுநாத் பார்த்தார், அசந்தே போனார். "பரவால்லையே முனிராஜ்! நல்லா இம்ப்ரூவ் ஆயிட்டீங்க. திங்கக்கிழமை லெட்டர் தர்றேன்" என்று தோளில் தட்டினார். முனிராஜ் நெளிந்தான். ஜெசிந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக் கிளிப்புகளை எண்ணுவதுபோல நின்றாள். அன்றைக்கே அவன் புரோகிராமை ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தான். ஆனால் திங்கட்கிழமை மஞ்சுநாத் பெங்களூர் போக வேண்டி வந்ததால் லெட்டர் ஒரு வாரம் தள்ளிப்போனது.

அந்த ஒரு வாரம் முடிவதற்குள் போன் வந்தது. எடுத்தது ஜெசிந்தா. பேசியது மில்லில் வருகைக் கணக்குப் பார்க்கிற சென்னிமலை என்பவர். கொள்ளேகால் பக்கத்து ஆள். எப்போதும் நிதானமாகப் பேசுகிறவர் அன்றைக்குக் கொதித்துப் போயிருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, ஞாயித்துக்கெழமை எங்க மில்லு பூட்டிக் கெடக்குதுங்க. உங்க கம்ப்யூட்டரு என்னடான்னா அன்னிக்கி ராத்திரி ஷிப்டு பூராவும் வேலைக்கு வந்திருக்குதுங்குது. பேயா வந்து நூல் நூத்துது? திங்கக்கெழமை ராத்திரி நெசமா வந்தவன் அத்தனை பேரும் வரலைன்னு போட்டிருக்குது. போர்டுல ஒட்டுனதும் ஆளுக என்னைச் சுத்திக்கிட்டாங்க. கண்ணு முழிச்சு வேலை பார்த்தவன்கிட்டப் போயி நீ வரவே இல்லைன்னா சும்மா இருப்பானுங்களா?"

மஞ்சுநாத் கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடிக்கிறவர். கோபம் வந்தால் முழுக்கக் கன்னடம்தான். அன்றைக்குத் தமிழ் ஒரு சொட்டு இல்லை. கத்தி முடித்த பிறகு முனிராஜைப் பார்த்து, "லெட்டர் இல்லை. நாளைக்குள்ள சரி பண்ணிக் கொடு, அப்புறம் கெளம்பலாம்" என்றார்.

ஜெசிந்தா தாளை விரித்து வைத்துப் படித்தாள். அவ்வளவு அழகாக இருந்தது. ஒவ்வொரு வரியும் அதனதன் இடத்தில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக நின்றது. இதில் எங்கே தப்பு வரும்? எவ்வளவு படித்தும் கண்ணில் படவில்லை. கடைசியில் எரிச்சல் முழுக்க முனிராஜ் மேல் திரும்பியது.

"நான் ஓட்டிப் பார்த்தப்போ சரியாத்தான் இருந்துச்சு. மில்லுக்குக் கொண்டு போற வழியில என்ன தொட்டீங்க? எத்தனை தடவை சொல்றது, சீட்டு இல்லாம ஒரு வரியும் தொடாதீங்கன்னு!"

அவன் அவளையே ஒரு நிமிஷம் பார்த்தான். "பார்க்கறனுங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, தாளை வாங்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை அவள் இட்லித் தட்டை அடுப்பில் வைத்த நேரம் கிரிஸ் வீட்டுக்குள் நுழைந்தான். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவன் நர்ஸ், அந்த வாரம் ராத்திரி டியூட்டி. கணவனும் மனைவியும் வாசலில் ஒருவரை ஒருவர் கடந்து போவதே குடும்பம் என்று ஆகியிருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் என்ன என்று கேட்டான். அவள் மில் கதையைச் சொல்லி, முனிராஜையும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டினாள்.

கிரிஸ் ஷூவைக் கழற்றிக்கொண்டே சிரித்தான். "எங்க ஆஸ்பத்திரியிலயும் புதுசா வந்த கிளார்க் இதே மாதிரி பண்ணாரு. ராத்திரி டியூட்டிக்காரனுக்கு ரெண்டு தேதி, ஜெசி. நேத்து ராத்திரி உள்ள போனேன், இன்னிக்குக் காலைல வெளிய வர்றேன். ஆனா டியூட்டி நேத்தைக்குச் சேர்ந்தது. முதல்ல என்னை நேத்துத் தேதியில எழுதிட்டு, அப்புறம்தான் காலண்டரைக் கிழிக்கணும். அவரு கிழிச்சிட்டு எழுதினாரு. எங்க ஆளுக எல்லாருக்கும் ஒருநாள் தள்ளிப்போச்சு."

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. கீழே தனியாகக் கிடந்த அந்த ஒரு வரி. தேதியை மறுநாளுக்கு நகர்த்துகிற வரி அது. வருகையைப் பதிந்து முடித்த பிறகு நகர்த்த வேண்டும் என்றுதான் முனிராஜ் அதைக் கீழே வைத்திருந்தான். அது தொலைந்த பிள்ளையில்லை, நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றிருக்கிறது. அவள்தான் இழுத்துக்கொண்டு போய் மேலே சேர்த்தாள். எவ்வளவு சந்தோஷமாகச் சேர்த்தாள் என்பதும் நினைவுக்கு வந்தது.

ஹெப்பாள் பஸ்ஸில் இடம் கிடைத்தும் அவள் உட்காரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. தப்புச் செய்தது ஒரு பக்கம் இருக்கட்டும், எந்த மனுஷனுக்கு உபகாரம் செய்கிறோம் என்று நினைத்தாளோ அவனையே நேற்று எல்லோர் முன்னாலும் திட்டியிருக்கிறாள். சீட்டு இல்லாமல் தொட்டவள் அவள், சீட்டு இல்லாமல் தொட்டாயா என்று அவனைக் கேட்டிருக்கிறாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது முனிராஜ் சீட்டோடு காத்திருந்தான். மில் அவசரம் என்பதால் வாசிப்பு காலையிலேயே. நாற்காலிகள் போட்டாயிற்று, மஞ்சுநாத்தும் கையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். முனிராஜ் தாளைக் கொடுத்தான். ஒரு வரி மேலே இருந்து எடுக்கப்பட்டிருந்தது, அதே வரி கீழே சேர்க்கப்பட்டிருந்தது. வேறு ஒரு புள்ளிகூட அவன் தொடவில்லை. அவள் இத்தனை மாதமாகக் கேட்ட மாதிரியே, ஒரு சீட்டு, ஒரு மாற்றம். காரணம் என்ற இடத்தில், 'வரி இடம் மாறி இருந்தது' என்று எழுதியிருந்தான்.

"வாசிங்க" என்றாள்.

"ராத்திரி ஷிப்டு ஆளுக்கு மொதல்ல வந்த தேதியில வருகையப் போட்டுட்டு, அதுக்கப்புறம் தேதியத் தள்றமுங்க. தள்ளுற வரி மேல இருந்துச்சு, கீழ கொண்டாந்துட்டனுங்க. அவ்வளவுதானுங்க."

"எப்ப கண்டுபிடிச்சீங்க?"

"நேத்தே தெரிஞ்சு போச்சுங்க." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

நேற்றே தெரியும். அவள் திட்டியபோதே தெரிந்திருக்குமோ என்னவோ. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவள் சொன்னதை வைத்துக்கொண்டு, மச்சினன் கடைக்குத் திரும்பிப் போகவும் தயாராக நிற்கிறான். ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கியது. பச்சைப் பேனாவைத் திறந்து, கையெழுத்துப் போடாமல் மூடினாள்.

"இந்தச் சீட்டைத் திருப்பி அனுப்புறேன். காரணம் முழுசா இல்லை. வரி எப்படி இடம் மாறுச்சுன்னு எழுதலை."

"ஜெசிந்தா, மில்லுல காத்துட்டு இருக்காங்க, கையெழுத்தைப் போட்டு விடுங்க" என்றார் மஞ்சுநாத்.

"அது போதுங்கக்கா, விடுங்க" என்றான் முனிராஜ் அவசரமாக.

"வரி தானா எந்திரிச்சு நடந்து போச்சா?" என்றாள். அவள் மஞ்சுநாத் பக்கம் திரும்பினாள். "நான்தான் சார் மாத்தினேன். இவர் ஊருக்குப் போனப்ப கிளிப்பை எடுத்து மாட்டிக்கிட்டு, இவர் எழுதினதை அழகு பண்றேன்னு எல்லாத்தையும் இழுத்துப் போட்டேன். பெருக்குறதுதானேன்னு சீட்டும் போடலை, வாசிக்கவும் இல்லை. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு இவர் வாயை அடைச்சதும் நான்தான். இவர் வச்ச இடத்துல அந்த வரி சரியா இருந்துச்சு."

மஞ்சுநாத் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ நான் பார்த்து ஆஹா ஓஹோன்னு சொன்னேனே, அந்த அழகு?"

"என்னுது சார். தப்பும் என்னுது. மில்லு வேலை புரிஞ்சு எழுதினது மட்டும் இவரது."

மஞ்சுநாத் கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்தார். அழகைப் பார்த்து ஏமாந்தவர்களில் தானும் ஒருவர் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும், ஏனென்றால் கத்தவில்லை. "ஆய்த்து. மொதல்ல மில்லுக்கு அனுப்புங்க" என்று எழுந்தார்.

ஜெசிந்தா அதே சீட்டில் காரணத்துக்கு அடியில், 'ஜெசிந்தா வாசிக்காமல் பெருக்கியதால்' என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முனிராஜ் ஃப்ளாப்பியோடு மில்லுக்கு ஓடினான். மத்தியானம் சென்னிமலை மறுபடியும் போன் செய்தார். "ஞாயித்துக்கெழமைப் பேயெல்லாம் போயிருச்சுங்க அம்மிணி. போர்டுல புதுசா ஒட்டிட்டனுங்க" என்றார். அவர் குரலில் பழைய நிதானம் வந்திருந்தது.

முனிராஜ் திரும்பி வந்ததும் மஞ்சுநாத் எல்லோரையும் கூப்பிட்டார். அவனிடம் லெட்டரை நீட்டினார். அவன் அதைப் படிக்காமல் இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான், பிறகு பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னொண்ணு. எல்லாரோட சீட்டையும் ஜெசிந்தா பார்க்கிறாங்க. ஜெசிந்தாவோட சீட்டை யாரு பார்க்கிறது?" என்று மஞ்சுநாத் கேட்டார். அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள யாருக்குத் தைரியம்?

"முனிராஜ் பார்க்கட்டும் சார்" என்றாள் ஜெசிந்தா.

புது விதிப்படி இனிப் பெருக்குவதற்கும் சீட்டு உண்டு. அதனால் அவள் தான் முன்பு பெருக்கியதை முழுக்க எடுத்துவிட்டு, அவன் எழுதியபடியே இருந்த புரோகிராமில், அவன் வரியை அவன் வைத்த இடத்திலேயே விட்டு, மறுபடி ஒழுங்குபடுத்திக்கொண்டு வந்தாள். அந்த ஆபீசில் அவள் நீட்டிய முதல் சீட்டு. நாற்காலிகளுக்கு நடுவே நின்று, வரி வரியாகத் தன் வாயால் சொன்னாள். தன் எழுத்தை அடுத்தவர் முன்னால் படிப்பது இத்தனை கஷ்டம் என்று அவளுக்கு இத்தனை நாள் தெரியவில்லை. இதையா எல்லோரையும் தினம் செய்ய வைத்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

முனிராஜ் பச்சைப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தாளை ரொம்ப நேரம் பார்த்தான். ஒருதடவை அவள் முகத்தைப் பார்த்தான், மறுபடி தாளைப் பார்த்தான்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. இதைத் திருப்பி அனுப்பறனுங்க."

"ஏன்?" என்றாள்.

"ஒரு சீட்டுல ரெண்டு மாத்தம் இருக்குதுங்க. எடம் தள்ளுனது ஒண்ணு. மாமாவத் தொரத்திட்டு வேற பேரு வெச்சது இன்னொண்ணு. தனித்தனியாக் கொண்டாங்க."

முதலில் சிரித்தவள் ஜெசிந்தாதான். சிரிப்போடு கண்ணீரும் வந்தது, துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு சீட்டை வாங்கிக்கொண்டாள். மறுநாள் இடம் தள்ளியதை மட்டும் தனியாகக் கொண்டுவந்து அவனிடம் கையெழுத்து வாங்கினாள். இரண்டாவது சீட்டை அவள் கடைசிவரை கொண்டுவரவே இல்லை. அந்த மில்லின் புரோகிராமில், ஒழுங்காக இடம் தள்ளி, நேர் வரிசையில், மாமா சௌகரியமாக வந்து போய்க்கொண்டிருந்தார்.